நாடகமா படமா என்று சாமியைக் கேட்ட குழு

எங்கள் பெய்வெய் ஊர் நிலச்சாமி ரொம்பவும் சுலபமான சாமி. கடலை மிட்டாயும் ஒரு கோப்பைத் தேநீரும் வைத்தால் மனம் குளிர்ந்துவிடுவார். அவருக்கு வாய்த்த நிர்வாகக் குழுதான் அப்படியல்ல.

கோயிலுக்கு நேர் எதிரே பால்கெண்டை மீன் கஞ்சிக் கடை வைத்திருப்பவன் நான். பெயர் குவோ தியென்-ஷெங், ஊரில் ஆ-ஷெங். குழுவின் கூட்டமெல்லாம் கோயில் வாசலில் ஒலிபெருக்கியில்தான் நடக்கும். உள்ளே மூன்று பேர் இருந்தாலும் ஒலிபெருக்கி உண்டு. அதனால் மீனுக்கு முள் எடுத்துக்கொண்டே அவர்களுடைய ஞானம் முழுவதையும் கேட்டு வளர்ந்தவன் நான். கேட்டது போதாதென்று ஒருநாள் அதற்குள் போய் விழவும் செய்தேன்.

எல்லாம் என் மனைவி சியூ-கிம்மின் வேண்டுதலால் வந்தது. எங்கள் மகள் பெய்-சுவானுக்கு முப்பத்தாறு வயதாகியும் மாப்பிள்ளை அமையவில்லை. போன வருடம் இவள் சாமி முன்னால் மண்டியிட்டு, "எங்க பொண்ணுக்கு ஒரு ஆளைக் காட்டுங்க, உங்களுக்கு 'ஆற்றைக் கடந்த மணமகள்' காட்டறேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். எங்கள் பக்கம் சாமிக்குப் பட்ட கடனைக் காட்சி வைத்துத்தான் தீர்ப்போம். முடிந்தவர்கள் மேடை போட்டுப் பாட்டு நாடகம் வைப்பார்கள். மற்றவர்கள் வெள்ளைத் திரை கட்டிப் படம் ஓட்டுவார்கள். முன்வரிசை நாற்காலிகள் சாமிக்கு. மனிதர்கள் வந்தால் பின்னால் உட்காரலாம்.

சாமி வாக்கைக் காப்பாற்றினார். தீவின் மறுகரையில் இருக்கும் தைதுங்கிலிருந்து சீத்தாப்பழம் ஏற்றிவந்த ஒரு பையன் எங்கள் கடையில் கஞ்சி குடித்தான். மறுவாரமும் குடித்தான். கஞ்சிக்காக யாரும் அவ்வளவு தூரம் வரமாட்டார்கள் என்பது எனக்கே புரிந்தது. ஆளைக் காட்டியதோடு சாமி நிறுத்தவும் இல்லை. எங்கள் சந்திர நாட்காட்டியில் ஐந்தாம் மாதம் தொடங்கியபோது மருத்துவமனை ஸ்கேன் திரையில் பேரப்பிள்ளையையும் காட்டிவிட்டார்.

இனிமேல் காத்திருக்க முடியாது. ஏழாம் மாதம் பேய்கள் ஊர் சுற்றும் மாதம். அதில் யாரும் கல்யாணம் வைக்கமாட்டார்கள். எட்டாம் மாதம் வரை போனால் தைத்து வைத்திருக்கும் மணப்பெண் உடுப்புக்குள் பெய்-சுவானில் பாதிதான் நுழையும். ஆறாம் மாதத்துக்குள் கல்யாணம் முடிந்தாக வேண்டும். ஆனால் சியூ-கிம் ஒரே பிடியாக நின்றாள்.

"சாமிக்குச் சொன்னதைக் காட்டாம ஒரு கல்யாண கேக் இந்த வீட்டை விட்டு வெளிய போகாது."

கேக் போனால்தான் உறவுக்காரர்களுக்கு அழைப்பு போனதாக அர்த்தம். சரி, ஒரு மதியம் திரை கட்டிப் படம் ஓட்டிவிட்டால் முடிந்தது என்று நினைத்து, அனுமதி கேட்கக் கோயிலுக்குப் போனேன். அப்போது துணைக்குழு ஒன்று இருப்பது எனக்கு மறந்தே போயிருந்தது.

போன வருடம் ஒரு மீன்குட்டைக்காரர் சாமிக்கு நாடகம் வேண்டிக்கொண்டார். படம் ஓட்டும் ஆ-பியாவ் அதே பெயரில் ஒரு படத்தைக் கொண்டுவந்து ஓட்டிவிட்டான். மறுநாள் குட்டையில் காற்றடிக்கும் இயந்திரம் நின்றுபோனது. மின்சாரக் கட்டணம் கட்டாததால் நின்றது என்று மின்வாரியம் சொன்னது. சாமி கோபித்துக்கொண்டதால் நின்றது என்று குழு சொன்னது. அன்றிலிருந்து ஒரே பெயருள்ள நாடகத்தையும் படத்தையும் பிரித்தறிய ஒரு துணைக்குழு வேலை செய்கிறது.

துணைக்குழுவுக்குப் பொறுப்பு செயலர் யென், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவருக்கு மேலே குழுத் தலைவர் ஹோங், சிமெண்ட் கடைக்காரர்.

"நாடகமா, படமா?" என்றார் யென்.

"எது கிடைக்குதோ அது, வாத்தியாரே."

"சாமிகிட்ட அப்படியெல்லாம் பேசக் கூடாது, ஆ-ஷெங்."

"நான் உங்ககிட்டதான் பேசறேன்."

தலைவர் எழுந்தார். எதிரில் நான் ஒருவன்தான் இருந்தேன். இருந்தாலும் ஒலிபெருக்கியை எடுத்துக்கொண்டார்.

"ஊர்ப் பெரியோர்களே, ஒரே பேர்ல ரெண்டு இருக்கறது ஆபத்து. நானே எத்தனையோ தடவை பேரை மட்டும் பாத்து டிக்கெட் வாங்கி உள்ள போயிருக்கேன். பாதி முடிஞ்ச பிறகும் எனக்குத் தெரியாது, நாம உக்காந்திருக்கறது நாடகத்துலயா படத்துலயான்னு. எனக்கே தெரியலைன்னா சாமிக்கு எப்படித் தெரியும்?"

நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

சாமியையே கேட்பது என்று முடிவானது. அதற்குப் பிறை வடிவத்தில் இரண்டு மரக்கட்டைகள் உண்டு. தரையில் போட வேண்டும். ஒன்று நிமிர்ந்தும் ஒன்று கவிழ்ந்தும் விழுந்தால் சாமி சரி என்கிறார். இரண்டும் கவிழ்ந்தால் மாட்டேன் என்கிறார். இரண்டும் நிமிர்ந்தால் சிரிக்கிறார்.

சாமி அப்போதுதான் புதுசாக வந்திருந்தார். புகையில் கறுத்துப்போன முகத்துக்குத் தங்கம் பூச இரண்டாம் மாதம் சிலையை அனுப்பியிருந்தார்கள். பளபளவென்று திரும்பி வந்து, கண்ணில் சிவப்புத் துணி கட்டியபடி பீடத்தில் உட்கார்ந்திருந்தார். சிலை போன சமயத்திலேயே கூரை ஓடும் மாற்றியதால் கோயில் சாமான்களை எதிர்க்கடைகளில் கொடுத்து வைத்திருந்தார்கள். மருந்துக்கடையில் மேளம், இரும்புக்கடையில் கொடிகள். எங்களுக்கு வந்தது சிவப்புத் தாள் ஒட்டிய ஒரு சின்னத் தூபச் சட்டி. "பத்திரம்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டுத் தலைவர் அடுத்த கூட்டத்துக்கு ஓடினார். சியூ-கிம் அதை டிவிக்குப் பக்கத்தில் வைத்து, தினமும் பத்தி ஏற்றி ஒரு கிண்ணம் கஞ்சியும் வைத்தாள். கடைக்குள் வந்த எதையும் பட்டினி போட அவளுக்கு மனசு வராது.

யென் கட்டையைப் போட்டார். "நாடகமா?"

சரி என்றது.

நான் வீட்டுக்குக் கிளம்பினேன். யென் கையைப் பிடித்து நிறுத்தினார். "படம் இல்லைன்னும் உறுதி பண்ணணும். அதுதான் முறை." மறுபடி போட்டார். "படமா?"

அதுவும் சரி என்றது.

"ரெண்டும் இல்லையா?"

அதற்கும் சரி.

"அப்ப ரெண்டுமா?"

கட்டை இரண்டும் நிமிர்ந்து விழுந்தன. சாமி சிரித்ததால் கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது என்று யென் குறிப்பெழுதினார்.

அடுத்த வாரம் மனைவியை விசாரணைக்கு அழைத்தார்கள். நானும் கூடப் போனேன்.

"நாடகத்துல அவ ஆத்தைப் படகுல கடக்கறா" என்று யென் பொறுமையாக ஆரம்பித்தார். "படத்துல ரௌடிங்க துரத்த, மோட்டார் சைக்கிள்ல கடக்கறா. வேண்டிக்கிட்டப்ப உன் மனசுல எதுல போனா?"

"என் மனசுல அவ போய்ச் சேந்துட்டா, வாத்தியாரே."

"கதை என்னன்னு தெரியுமா?"

"தெரியாது. முடி வெட்டற கடையில யாரோ அந்தப் பேரைச் சொன்னாங்க. பேர்ல மணமகள் இருந்துச்சு. அது போதாதா?"

போதாது என்று துணைக்குழு கருதியது. ஆராய்ச்சி தொடங்கியது. ஆ-பியாவை அழைத்துப் படத்தைக் கோயில் மண்டபத்திலேயே ஓட்டிப் பார்த்தார்கள். ஆராய்ச்சிக்கான மதியச் சாப்பாடு வேண்டுதல்காரர் பொறுப்பு என்றார்கள். நான் அண்டா நிறையக் கஞ்சி சுமந்து போனேன். தலைவர் கஞ்சி குடித்த கையோடு தூங்கிவிட்டதால் மறுநாளும் ஓட்டினார்கள். மறுநாளும் கஞ்சி. மூன்றாம் நாள் யென் ஒரு பெரிய கண்டுபிடிப்போடு வந்தார். இதே படத்துக்கு 'ஆற்றைக் கடந்த மணமகள் - இரண்டு' என்று ஒன்றும், அதோடு சம்பந்தமே இல்லாமல் 'மணமகள் ஆற்றைக் கடந்தாள்' என்று இன்னொன்றும் இருக்கிறதாம். அவற்றையும் ஓட்டினார்கள்.

"ரெண்டாவதுல அவ எந்த ஆத்தையும் கடக்கலையே" என்று ஆ-பியாவ் சொல்லிப் பார்த்தான்.

"அதையும் பாத்துத்தானே சொல்ல முடியும்" என்றார் தலைவர், கிண்ணத்தை நீட்டியபடி.

வீட்டில் பெய்-சுவான் என் மேல் பாய்ந்தாள். "ப்பா, அங்க மாமியார் வீட்டுல தினமும் கேக்கறாங்க, தேதி என்னாச்சுன்னு. நான் என்ன சொல்றது? எங்க ஊர் சாமி என்ன பாக்கணும்னு இன்னும் முடிவாகலைன்னா?"

"அப்படியே சொல்லேன்."

"சொன்னேன். போனை வச்சுட்டாங்க."

அவள் உடுப்பை எடுத்து இடுப்பில் வைத்துப் பார்த்தாள். பிறகு மடித்து வைத்துவிட்டாள். பேரப்பிள்ளைக்குத் துணைக்குழு பற்றி எதுவும் தெரியாது. அது பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்தது.

அறிக்கை ஆறாம் மாதம் பிறந்த பிறகு வந்தது. சுருக்கம் இதுதான்: நாடகம் எது, படம் எது என்று துணைக்குழுவால் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. ஆகவே இரண்டையும் கோயில் முற்றத்தில் ஒரே நேரத்தில், எதிரெதிரே வைத்து, எது தனக்குரியது என்று சாமியே பார்த்துத் தெரிந்துகொள்ள விட வேண்டும். குழப்பம் வராமலிருக்க, மேடையின் மேல் 'இது படம் அல்ல' என்றும் திரையின் மேல் 'இது நாடகம் அல்ல' என்றும் பலகை மாட்ட வேண்டும். நடிகர்கள் மேடைக்கு வரும் ஒவ்வொரு முறையும் 'இது நாடகம்' என்று சொல்லிவிட்டுத்தான் வசனம் பேச வேண்டும்.

நாடகக் குழுவை நடத்தும் ஃபெங்-ஜியாவ் அக்கா இதைக் கேட்டுச் சிகரெட்டை அணைத்தாள். ஆண் வேஷம் கட்டுவதில் எங்கள் பக்கத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை.

"வாத்தியாரே, நான் கையில சாட்டையை மட்டும் ஆட்டிக்கிட்டு வந்து, குதிரையில வர்றேன்னு சொல்றேன். படத்துல எவனாவது அப்படி வருவானா? இதுக்கு மேல உங்களுக்கு என்ன அடையாளம் வேணும்?"

"குதிரை இல்லைங்கறது எங்களுக்குத் தெரியும். சாமிக்குத் தெரியணுமே."

"சாமிக்கு நான் இருபது வயசுலேர்ந்து ஆடறேன். அவர் இதுவரைக்கும் குதிரை எங்கேன்னு கேட்டதில்லை."

பலகை மாட்டச் சம்மதித்தாள். மற்றதைச் செய்ய முடியாது என்றாள். காட்சிக்கு நாள் குறித்தார்கள், மதியம் இரண்டு மணி. அன்றைக்கு முடியவில்லை என்றால் ஆறாம் மாதத்தில் கல்யாணத்துக்கு நல்ல நாள் மிச்சமில்லை.

சியூ-கிம் வரமாட்டேன் என்றுவிட்டாள். "அந்தக் குழுவோட மூஞ்சியப் பாக்கறதுக்குப் பாத்திரம் கழுவலாம். எனக்கு மதியத் தொடரும் இருக்கு." மதியம் இரண்டு மணிக்குப் பழைய பாட்டு நாடகத் தொடர் ஒன்று டிவியில் மறுபடி போட்டுக்கொண்டிருந்தார்கள். பாத்திரம் கழுவி முடித்து ஈரக்கையோடு வந்து உட்காருவாள். பாதியிலிருந்து பார்த்து முழுதாக அழுவாள். பெய்-சுவான்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னோடு வந்து நின்றாள்.

முற்றத்தில் ஊரே கூடியிருந்தது. தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"பெரியோர்களே, இன்னிக்கு வரலாற்று நாள். நாடகத்தையும் படத்தையும் பிரிக்க நாங்க ஒரு மாசத்துக்கு மேல உழைச்சோம். முன்னாடி எனக்கு ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் கொஞ்சம் தெரியும். ஆராய்ச்சிக்கு அப்புறம் அதுவும் தெரியல. துணைக்குழு எவ்வளவு ஆழமாப் போயிருக்குன்னு இதுலேர்ந்தே புரிஞ்சிக்கலாம்."

கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

எந்த நாடகமானாலும் முதலில் தேவர் வேஷக்காரர்கள் கோயிலைப் பார்த்து நின்று சாமியை வாழ்த்த வேண்டும். ஃபெங்-ஜியாவ் அக்கா நீளத் தாடியோடும் முதுகில் நாலு கொடியோடும் மேடையின் ஓரத்துக்கு வந்தாள். பாட வாயெடுத்தாள். கருவறையைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். பிடில்காரர் இன்னொரு முறை அடியெடுத்துக் கொடுத்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ஏன்யா, சாமி கண்ணை ஏன் கட்டி வச்சிருக்கீங்க?"

முற்றமே திரும்பிப் பார்த்தது. ஒரு மாசத்துக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்த சிவப்புத் துணியை எல்லாரும் அன்றைக்குத்தான் பார்த்தோம்.

"அது கண் திறப்பு ஆகலை" என்றார் யென்.

"கண் திறக்காத சாமிக்கு நான் எப்படி ஆடுவேன்? உள்ள ஆளே இல்லையே."

தலைவர் தொண்டையைச் செருமினார். ஒலிபெருக்கி செருமலையும் ஊருக்குச் சொன்னது. "விளக்கமாச் சொல்லிடறேன். தங்கம் பூசறதுக்கு முன்னாடி சாமியை முறைப்படி சிலையிலேர்ந்து வெளிய எழுந்தருளச் செஞ்சோம். சிலை திரும்பி வந்ததும் தூரிகையால கண்ணைத் தொட்டு மறுபடி உள்ள அழைக்கணும். தூரிகை பிடிக்கப் பொருத்தமான கை எதுன்னு பாக்க ஒரு துணைக்குழு போட்டோம். பொருத்தமான கை என்னோடதுன்னு நான் பணிவோட சொன்னேன். தன்னோடதுன்னு யென்னும் பணிவோட சொன்னாரு. ரெண்டு பணிவும் மோதிக்கிட்டதுல வேலை அப்படியே நின்னுபோச்சு."

பெய்-சுவான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள்.

"அப்ப இத்தனை நாளும் நாடகமா படமான்னு யாரைக் கேட்டீங்க?"

யென் யோசித்தார். நேர்மையான மனிதர்தான். "மரத்தை" என்றார்.

"சாமி இப்ப எங்க இருக்காரு?"

"ஒரு தூபச் சட்டியில. பத்திரமா இருக்காரு" என்றார் தலைவர். "ஏதோ ஒரு கடையில குடுத்து வச்சேன்." மருந்துக்கடையைப் பார்த்தார். மேளம் என்று தலையாட்டினார்கள். இரும்புக்கடையைப் பார்த்தார். கொடி என்றார்கள்.

நான் கையைத் தூக்கினேன். "தலைவரே, அதுல சிவப்புத் தாள் ஒட்டியிருக்குமா?"

ஊர்வலம் புறப்பட்டது. தெருவைத் தாண்டினால் கடை. அதற்கும் மேளம் அடித்தார்கள். முன்னால் தலைவர், பின்னால் யென், அவருக்குப் பின்னால் தாடியோடு ஃபெங்-ஜியாவ் அக்கா, பிறகு ஆ-பியாவ், பிறகு ஊர். உள்ளே சியூ-கிம் முக்காலியில் உட்கார்ந்து, ஈரக்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சட்டி. முன்னால் ஆவி பறக்கும் கஞ்சிக் கிண்ணம்.

தலைவர் ஏதோ சொல்லப் போனார்.

"செத்த சும்மா இருங்க" என்றாள் அவள், திரும்பாமலே. "இப்பதான் அவ ஆத்தைக் கடக்கறா."

ஃபெங்-ஜியாவ் அக்கா தாடியைக் கழற்றிவிட்டு டிவியை உற்றுப் பார்த்தாள். "இது எங்க கதையாச்சே. 'ஆற்றைக் கடந்த மணமகள்'தான் இது."

"அப்படியா? பேரு தெரியாதே. நான் பாத்திரம் கழுவிட்டு வர்றதுக்குள்ள பேரு போடற முதல் பாட்டு முடிஞ்சிடும்."

"எவ்வளவு நாளாப் பாக்கறே?"

"இந்தச் சட்டி வந்ததிலேர்ந்து. தனியா உக்காந்து அழறதுக்கு இது ஒரு துணை."

யென் மெதுவாகத் தலைவரிடம் சட்டிக்குள் யார் என்பதைச் சொல்லச் சொன்னார். தலைவர் ஒலிபெருக்கி இல்லாமல் சொன்னார். அவர் குரல் அவ்வளவு சின்னது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சியூ-கிம் பதறி எழுந்தாள். "ஐயய்யோ, நான் காலை நீட்டிக்கிட்டு உக்காந்திருந்தேனே" என்று சட்டியின் முன்னால் மண்டியிட்டாள். பிறகு யென்னின் கையிலிருந்து கட்டைகளை வாங்கிக்கொண்டாள்.

"சாமி, நான் சொன்னதைப் பாத்துட்டீங்களா?"

மீன் செதில் ஒட்டிய ஈரத்தரையில் கட்டைகள் விழுந்தன. சரி. மறுபடி போட்டாள். சரி. மூன்றாம் முறையும் சரி.

பெய்-சுவான் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், வெளியே சொல்வதற்கு என்ன.

"ஒரு நிமிஷம்" என்றார் யென். "குறிப்புல எழுதணும். சாமி பாத்தது நாடகமா, படமா? மேடையில நின்னு பாடறாங்க, அதனால நாடகம். ஆனா திரையில தெரியுது, அதனால படம். ஆனா அவ சாட்டையை ஆட்டிக்கிட்டுக் குதிரையில வர்றா..." அவர் கண் எங்கேயோ நிலைத்துவிட்டது. சியூ-கிம் அவரை முக்காலியில் உட்காரவைத்து ஒரு கிண்ணம் கஞ்சி கொடுத்தாள். குடித்தார்.

முற்றத்தில் ஏற்பாடு செய்தது வீணாக வேண்டாமென்று நாடகமும் படமும் நடந்தன. ஊர்க்காரர்கள் இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் பார்த்தார்கள். எது எதுவென்று யாரும் குழம்பவில்லை. கேக்குகள் மறுநாள் காலையில் வெளியே போயின.

சாமியைக் கோயிலுக்குத் திரும்ப அழைக்கக் குழு முழுக்க எங்கள் கடைக்கு வந்தது. தலைவர் கட்டை போட்டார். சாமி சிரித்தார். யென் போட்டார். மாட்டேன் என்றார். கடைசியில் சியூ-கிம் கேட்டாள்: "தொடர் முடிஞ்ச பிறகு போறீங்களா, சாமி?" சரி, சரி, சரி.

ஆறாம் மாதத்தின் கடைசி நல்ல நாளில் கல்யாணம். உடுப்பு பொருந்தியது, ஒரு தையலைப் பிரித்த பிறகு. மணமகள் கார் கோயிலில் நிற்காமல் எங்கள் கடை முன்னால் நின்றது. பெய்-சுவான் உடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து, டிவி பக்கத்திலிருந்த சட்டியின் முன்னால் மண்டியிட்டாள். மாப்பிள்ளை ஒரு கூடை சீத்தாப்பழம் வைத்தான். மணி இரண்டு ஆகியிருந்தது. தொடர் ஓடிக்கொண்டிருந்தது, அணைக்க யாருக்கும் துணிவில்லை.

தலைவர் ஹோங் வாழ்த்துரை வழங்க ஒலிபெருக்கியோடு எழுந்து நடுவில் வந்து நின்றார். "பெரியோர்களே" என்று ஆரம்பித்தார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க, தலைவரே" என்றாள் சியூ-கிம். "சாமிக்கு மறைக்குது."

தலைவர் தள்ளி நின்றார்.